மனிதனை நடுவிலிருந்து நகர்த்திய கவிஞர்

1948-ல் நியூயார்க்கின் ராண்டம் ஹவுஸ் பதிப்பகம் ‘இரட்டைக் கோடரி’ என்ற கவிதைத் தொகுப்பை வெளியிட்டது. அந்தப் புத்தகத்தில் பதிப்பாளர் குறிப்பு ஒன்று இருந்தது. கவிஞர் இதில் சொல்லியிருக்கும் சில அரசியல் கருத்துகளில் எங்களுக்கு உடன்பாடில்லை என்று அதில் வெளிப்படையாகவே எழுதியிருந்தார்கள். தாங்களே அச்சிட்டு விற்கும் கவிஞரிடமிருந்து ஒரு பதிப்பகம் இப்படி விலகி நிற்பது அன்றைக்கும் அபூர்வம், இன்றைக்கும் அபூர்வம். அதற்கு முன்பே சில கவிதைகளைத் தொகுப்பிலிருந்து எடுக்க வைத்திருந்தார்கள். அவை 1977-ல் வந்த மறுபதிப்பில்தான் வெளிச்சம் கண்டன.

அந்தக் கவிஞர் ராபின்சன் ஜெஃபர்ஸ். பதினாறு ஆண்டுகளுக்கு முன், 1932 ஏப்ரலில், இவர் படம் டைம் பத்திரிகையின் அட்டையில் வந்திருந்தது. எட்வர்ட் வெஸ்டன் எடுத்த புகைப்படம் அது. அமெரிக்காவில் கவிதை வாசிப்பவர்களுக்கெல்லாம் அன்று தெரிந்த பெயர் இது. இப்படி உயரத்தில் இருந்தவர் ஏன் சரிந்தார் என்று கேட்டால், போரைப் பற்றி எழுதிய கவிதைகள்தான் காரணம் என்பார்கள். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. முப்பது ஆண்டுகளாக அவர் பேணி வந்த ஒரு நம்பிக்கையிலிருந்து முளைத்தவை அந்தக் கவிதைகள். அந்த நம்பிக்கையைத் தெரிந்துகொள்ளாமல் படித்தால் இவர் மனிதர்களை வெறுத்தவர் என்றுதான் தோன்றும். நான் அப்படி நினைக்கவில்லை. மனிதனைவிடப் பெரிய ஒன்றின் மீது கொண்ட காதல்தான் இவரை எழுத வைத்தது. அந்தக் காதல் ஓரிடத்தில் இவரைத் தவறவும் வைத்தது.

1887 ஜனவரி 10 அன்று, இன்று பிட்ஸ்பர்க் நகரின் பகுதியாக இருக்கும் அலெகெனியில் பிறந்தார். அப்பா கிறிஸ்தவ இறையியல் கல்லூரிப் பேராசிரியர். பழைய ஏற்பாடு அவருடைய பாடம். சின்ன வயதிலேயே மகனுக்குக் கிரேக்கமும் லத்தீனும் கற்றுக்கொடுத்தார். சுவிட்சர்லாந்திலும் ஜெர்மனியிலும் பள்ளிப்படிப்பு. குடும்பம் கலிஃபோர்னியாவுக்கு வந்தபின், 18 வயதில் ஆக்சிடென்டல் கல்லூரியில் பட்டம். அப்புறம் மருத்துவம் படித்தார், முடிக்கவில்லை. வனவியல் படித்தார், அதையும் முடிக்கவில்லை. படிப்பு பாதியில் நின்றாலும் அந்த அறிவு வீணாகவில்லை. உடலைப் பற்றியும் மரத்தைப் பற்றியும் அவர் எழுதும்போது ஒரு துல்லியம் தெரியும். தம்பி ஹாமில்டன் லிக் வானாய்வகத்தில் வானியலாளராக இருந்தார். நட்சத்திரங்களின் பிறப்பும் இறப்பும் ஜெஃபர்ஸின் கவிதைகளில் இயல்பாக வந்துபோகின்றன.

1906-ல் ஒரு ஜெர்மன் வகுப்பில் யூனாவைச் சந்தித்தார். யூனா அப்போது லாஸ் ஏஞ்சலிஸ் வழக்கறிஞர் ஒருவரின் மனைவி. இருவருடைய காதலும் அந்த நகரத்து நாளிதழ்களில் செய்தியாகும் அளவுக்குப் பேசப்பட்டது. விவாகரத்து முடிந்த கையோடு, 1913 ஆகஸ்டில், திருமணம் செய்துகொண்டார்கள். இங்கிலாந்தில் குடியேறத் திட்டமிட்டிருந்தார்கள். முதல் உலகப் போர் குறுக்கே வந்தது. அதனால் 1914 செப்டம்பரில் மான்டரேயிலிருந்து குதிரை வண்டியில் கார்மல் என்ற கடலோரச் சிற்றூருக்கு வந்தார்கள். மலையுச்சியைக் கடந்ததும் பைன் மரங்களுக்கும் கடல்மூடுபனிக்கும் இடையே கார்மல் விரிகுடா தெரிந்தது. தங்களுக்கென்று விதித்த இடத்துக்குத் தெரியாமலேயே வந்து சேர்ந்துவிட்டோம் என்று அப்போது புரிந்ததாகப் பின்னாளில் எழுதினார். சாகும்வரை அங்கேதான் இருந்தார்.

அதுவரை அவர் எழுதியதில் பெரிதாக ஒன்றுமில்லை. 1912-லும் 1916-லும் வந்த இரண்டு தொகுப்புகளும் எதுகை பார்த்து எழுதிய சாதாரணமான கவிதைகள். மாற்றம் வந்தது 1919-ல், அதுவும் கல்லில் கைவைத்தபோது. கடலோர மேட்டில் சின்னதாக ஒரு கருங்கல் வீடு கட்ட ஆள் அமர்த்தினார். கொத்தனார்கள் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் தானும் சித்தாளாகச் சேர்ந்தார். கல்லை எப்படிப் புரட்டுவது, எந்த முகத்தை வெளியே வைப்பது, காரை எப்படிக் குழைப்பது எல்லாம் அவர்களிடம் கற்றுக்கொண்டார். காற்றும் அலையும் தேய்த்த அந்தக் கற்களோடு அவருக்கு ஏதோ உறவு இருப்பதாக அப்போது தெரிந்தது என்றும், மதம் மாறியவர்களுக்கு வருவதாகச் சொல்லும் விழிப்பைப் போன்ற ஒன்று வந்தது என்றும் யூனா எழுதியிருக்கிறார்.

வீட்டுக்கு டோர் ஹவுஸ் என்று பெயர். அது முடிந்ததும் பக்கத்தில் ஒரு கோபுரத்தைத் தன் கையாலேயே எழுப்பத் தொடங்கினார். 1920-லிருந்து 1924 வரை நான்கு ஆண்டுகள். கடற்கரையிலிருந்து பாறைத் துண்டுகளை உருட்டிக்கொண்டு வந்து, சாய்தளமும் கப்பியும் கயிறும் வைத்து மேலே ஏற்றினார். அயர்லாந்துக் கோபுரங்கள் மீது யூனாவுக்கு ஆசை; இரட்டைப் பிள்ளைகளுக்கு ஒளிந்து விளையாட சுவருக்குள் ஒரு ரகசியப் படிக்கட்டு. ஹாக் டவர், பருந்துக் கோபுரம், இன்றும் நிற்கிறது. காலையில் எழுத்து, பிற்பகலில் கல்வேலை, மாலையில் மரங்களுக்குத் தண்ணீர். அந்த மொட்டை மேட்டில் சுமார் 2,000 சைப்ரஸ், யூகலிப்டஸ் கன்றுகளை நட்டு வளர்த்தார். வீட்டுக்கு மின்சாரம் வந்ததே 1949-ல்தான்.

இந்த வாழ்க்கையைத் துறவிக் கதையாக எழுதும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. எனக்கு அதில் சம்மதமில்லை. அந்த வீட்டில் சச்சரவும் துயரமும் இருந்தன. 1938-ல் நியூ மெக்ஸிகோவின் டாவோஸுக்குப் போயிருந்தபோது, கணவரின் மனம் வேறொரு பெண்ணிடம் சாய்ந்ததை அறிந்த யூனா தன்னைத்தானே சுட்டுக்கொண்டார், உயிர் பிழைத்தார். கோபுரம் கட்டிய மனிதருக்கும் வீட்டுக்குள் எல்லாம் உறுதியாக இருக்கவில்லை.

கல்வேலை கவிதைக்கு என்ன செய்தது? முதலில் எதுகை போனது. அளந்து வெட்டிய செங்கல் வரிகளை விட்டுவிட்டு, பாறை எப்படிக் கிடைத்ததோ அதற்கேற்ப அடுக்கும் வரிகளுக்கு வந்தார். அதற்காகக் கட்டில்லாத வசனகவிதை என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு வரியில் எத்தனை அழுத்தங்கள் விழுகின்றன என்று எண்ணி எழுதினார். பல கவிதைகளில் பத்து அழுத்தம் உள்ள நீண்ட வரி, அடுத்து ஐந்து அழுத்தம் உள்ள குறுகிய வரி என்று மாறி மாறி வரும். வாய்விட்டுப் படித்தால் அலை ஏறி வந்து பின்வாங்குவது கேட்கும். இந்தத் தாளம் இயற்பியலிலிருந்தும் உயிரியலிலிருந்தும் ரத்தத்தின் துடிப்பிலிருந்தும் கடலின் ஏற்றவற்றத்திலிருந்தும் வருவதாக ஒரு கடிதத்தில் சொன்னார். அப்பா வாசித்துக் காட்டிய பழைய ஏற்பாட்டின் தாளமும் அதில் உண்டு என்பது என் எண்ணம்.

எஸ்ரா பவுண்டும் எலியட்டும் ஆங்கிலக் கவிதையை உடைத்து மாற்றிக்கொண்டிருந்த காலம் அது. ஜெஃபர்ஸ் அந்தப் பக்கம் போகவில்லை. கவிதை தன்னிடமிருந்த பொருளை ஒவ்வொன்றாகக் கைவிட்டு இசையாகவும் புதிராகவும் சுருங்குகிறது என்று அவர் கவலைப்பட்டார். உரைநடையிடம் பறிகொடுத்த கதை, சிந்தனை, அறிவியல் எல்லாவற்றையும் கவிதை திரும்பப் பெற வேண்டும். நிலைத்திருக்கும் பொருள்களைப் பற்றியே பேச வேண்டும் என்று 1938-ல் வந்த தேர்ந்தெடுத்த கவிதைகளின் முன்னுரையில் எழுதினார். கவிஞர்கள் அதிகம் பொய் சொல்கிறார்கள் என்ற நீட்ஷேயின் வாக்கியம் 19 வயதில் மனதில் தைத்தது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, இனிக் கவிதையில் பொய் சொல்வதில்லை என்று முடிவெடுத்தேன் என்கிறார் அதே முன்னுரையில். உணராத உணர்ச்சியை நடிப்பதில்லை, பலர் ஏற்றுக்கொண்டதால் மட்டும் ஒன்றைச் சொல்வதில்லை. பின்னால் அவருக்கு வந்த எல்லாத் தொல்லைகளுக்கும் விதை இந்த முடிவில் இருக்கிறது.

1924-ல் ‘தாமார்’ தொகுப்பைத் தன் செலவில் அச்சிட்டார். மறுஆண்டு விமர்சகர்கள் கண்டெடுத்துப் பாராட்ட, ஒரே வீச்சில் புகழ் வந்தது. ‘தாமார்’, ‘ரோன் குதிரை’, ‘காடர்’ போன்றவை நீண்ட கதைக்கவிதைகள். கார்மலுக்குத் தெற்கே கடலோரமாக நீளும் பிக் சர் மலைகளில் தனித்து வாழும் பண்ணைக் குடும்பங்களுக்குள் முறைகெட்ட காமம், கொலை, தீ. கிரேக்கத் துன்பியல் நாடகங்களை அப்படியே கலிஃபோர்னியா மாட்டுப்பண்ணைக்குக் கொண்டுவந்தது மாதிரி இருக்கும். தன்னையே பார்த்துக்கொண்டு தன்னுள்ளேயே சுருண்டுகிடக்கும் மனித இனத்துக்கு உருவகமாகவே முறைகெட்ட உறவை அவர் திரும்பத் திரும்ப எடுத்தார். ‘ரோன் குதிரை’யில் மனிதகுலம் என்பது உடைத்து வெளியேற வேண்டிய ஓடு, பிளக்க வேண்டிய அணு என்று ஒரு வரி வருகிறது. அது 1925-ல் எழுதியது என்பதை நினைத்தால் உடல் சிலிர்க்கிறது. ஆனாலும் நீண்ட கவிதைகள் எல்லாமே வெற்றி என்று சொல்ல மாட்டேன். 1927-ல் வந்த ‘பாயின்ட் சர் பெண்கள்’ கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போன கவிதை. அவர் முழுமையாக வென்றது குறுங்கவிதைகளில்.

சரி, அந்த நம்பிக்கை என்ன? 1934-ல் ஒரு கன்னியாஸ்திரி அவருடைய சமயக் கருத்துகளைக் கேட்டு எழுதினார். ஜெஃபர்ஸ் கொடுத்த பதிலில் எல்லாம் இருக்கிறது. பிரபஞ்சம் முழுவதும் ஒரே உயிர். அதன் உறுப்புகள் எல்லாம் ஒரே ஆற்றலின் வெவ்வேறு வடிவங்கள். அவை மாறும், அழியும், மனிதர்களும் இனங்களும் பாறைகளும் நட்சத்திரங்களும் அப்படியே. இந்த முழுமை மட்டுமே ஆழ்ந்த அன்புக்குத் தகுதியானது. தன்மீதும் மனிதகுலத்தின் மீதும் உள்நோக்கி வைக்கும் பிரியத்தை வெளிநோக்கித் திருப்புவதில்தான் அமைதியும் விடுதலையும் இருக்கின்றன என்று எழுதினார். இந்த முழுமைதான் அவருக்குக் கடவுள்; அது யாருடைய பிரார்த்தனைக்கும் செவிசாய்ப்பதில்லை. மனிதனுக்கென்று தனிச் சலுகையும் இல்லை.

பின்னாளில் இதற்கு ‘இன்ஹியூமனிசம்’ என்று பெயர் வைத்தார், 1948 தொகுப்பின் முன்னுரையில். மனிதனிடமிருந்து மனிதனல்லாதவற்றுக்குக் கவனத்தை மாற்றுவது என்று அதற்கு விளக்கம் சொன்னார். தன்னையே மையமாக நினைத்துக்கொள்ளும் குழந்தையைப் போல இல்லாமல், வளர்ந்தவர்களைப் போல மனித இனம் சிந்திக்க ஆரம்பிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்றார். இது மனித வெறுப்பும் அல்ல, அவநம்பிக்கையும் அல்ல என்பதையும் அங்கேயே தெளிவாக எழுதிவைத்தார். வழுக்கும் காலத்தில் புத்தி பேதலிக்காமல் இருக்க ஒரு வழி என்றுதான் அவர் அதைக் கருதினார்.

இந்தியத் தத்துவம் அறிந்தவர்களுக்கு இது பழகிய பேச்சாகத் தெரியலாம். ஜெஃபர்ஸுக்கே அந்த ஒற்றுமை தெரியும்; எங்கே பிரிகிறோம் என்பதும் தெரியும். 1927-ல் வந்த ‘என் நம்பிக்கை’ என்ற கவிதையில் ஆசியாவிலிருந்து வந்த ஒரு நண்பர் வருகிறார். அவர் யூகலிப்டஸ் மரத்தின் இளநீல இலை ஒன்றைப் பறித்து உற்று நோக்குகிறார். மனதுக்குள் இருக்கும் கடவுளை ஒருமுகப்படுத்தி, எதிரே இருக்கும் கடலைவிட உண்மையான ஒரு கடலைப் படைக்கிறார். காண்பவன் இல்லாமல் காட்சி இல்லை என்று நம் வேதாந்த வகுப்புகளில் கேட்கிறோமே, அந்த நிலை. கவிஞர் அவரை மதிக்கிறார், ஆனால் மறுக்கிறார். மண்டையோட்டுக்குள் இருக்கும் கடல் மண்டையோட்டின் கடல் மட்டுமே. வெளியே இருப்பது கடலின் கடல். பொருள்களின் அழகு கண்கள் தோன்றுவதற்கு முன்பே பிறந்தது, தனக்குத் தானே போதுமானது; அதைக் கண்டு உருக ஒரு நெஞ்சம் இல்லாமல் போன பிறகும் அந்த நெஞ்சுருக்கும் அழகு இருக்கும் என்று முடிக்கிறார். அவர் எழுதியதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். பின்னர் 1930-களில், அடையாறில் வளர்ந்த ஜே. கிருஷ்ணமூர்த்தி கார்மலில் தங்கியபோது ஜெஃபர்ஸ் தம்பதியோடு பழகினார்.

இந்த நம்பிக்கை ஒரு கவிதைக்குள் எப்படி நடக்கிறது என்று பார்க்க ‘காயம்பட்ட பருந்துகள்’ போதும். சிறகு முறிந்த ஒரு செவ்வால் பருந்து. இனி அதற்கு வானம் இல்லை. ஆறு வாரம் தீனி போட்டுப் பார்த்தோம், பிறகு விடுதலை கொடுத்தேன். மேட்டில் அலைந்துவிட்டு மாலையில் திரும்பி வந்தது, மரணத்தைக் கேட்டு வந்தது, ஆனால் பிச்சைக்காரனைப் போல அல்ல, கண்ணில் பழைய திமிரோடு என்கிறார். அந்தி வேளையில் அதற்கு ஒரு குண்டைப் பரிசாகக் கொடுத்தார். கீழே விழுந்தது மென்மையான இறகுகள். மேலே எழுந்து பாய்ந்ததைக் கண்டு நாரைகள் அஞ்சி அலறின. இந்தக் கவிதையில்தான், தண்டனை மட்டும் இல்லையென்றால் பருந்தைவிட மனிதனைக் கொல்வதே எனக்கு எளிது என்ற அந்தப் புகழ்பெற்ற வரியும் இருக்கிறது. அதை மட்டும் பிய்த்து எடுத்து அவரைக் குற்றம் சாட்டுகிறார்கள். முழுக்கவிதையையும் படித்தால், ஒரு உயிரை அதன் கண்ணியம் குலையாமல் அனுப்பிவைக்க ஒருவர் படும் வேதனைதான் தெரிகிறது.

1937-ல் வந்த இன்னொரு கவிதை, நம் கடலோரத்தில் சுருக்குமடி என்று சொல்லும் வலையைப் பற்றியது. மான்டரே அன்று மத்தி மீன்பிடிப்புக்குப் பேர்போன ஊர். நிலவில்லாத இரவில்தான் படகுகள் போகும். மீன்கூட்டம் அசையும்போது கடலில் எழும் பால்நிற ஒளியை அப்போதுதான் காண முடியும். படகு அந்த ஒளியைச் சுற்றி வலையை விடுகிறது, வட்டம் மூடுகிறது, அடியில் கயிறு சுருங்குகிறது. தாங்கள் மாட்டிக்கொண்டதை அறிந்து மீன்கள் சுவருக்குச் சுவர் மோதி வெள்ளிச் சுடராய்த் துள்ளுவதைப் பார்க்கும்போது அழகாகவும் இருக்கிறது, கொஞ்சம் பயங்கரமாகவும் இருக்கிறது என்கிறார். அடுத்து, ஓர் இரவில் மலையுச்சியிலிருந்து ஒரு பெருநகரத்தின் விளக்குகளைப் பார்க்கிறார். அதே அழகு, அதே பயங்கரம். இயந்திரங்களைப் பூட்டி எல்லாரையும் எல்லாரோடும் பிணைத்துவிட்டோம். மண்ணிலிருந்து பிரிந்து, தனியே பிழைக்க வழியற்ற மக்கள் திரளைச் சேர்த்துவிட்டோம். வட்டம் மூடிவிட்டது, வலையை இழுக்கிறார்கள். அந்த நகரத்துக்காரர்களை அவர் இங்கே ஏசவில்லை. வலைக்குள் இருப்பவர்களில் தன்னையும் சேர்த்துத்தான் பேசுகிறார். மின்சாரமும் குடிநீரும் இரண்டு நாள் நின்றுபோன எந்த நகரத்தில் இருப்பவரும் இந்தக் கவிதையை விளக்கம் இல்லாமல் புரிந்துகொள்வார்.

இனி அவர் தவறிய இடத்துக்கு வருகிறேன். அமெரிக்கக் குடியரசு பேரரசாகத் தடித்துக்கொண்டிருக்கிறது, பூ காயாகி, காய் அழுகி மண்ணாவது இயற்கை, பிள்ளைகளே அந்த மையத்திலிருந்து தள்ளியிருங்கள் என்று 1920-களிலேயே எழுதியவர் அவர். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா இறங்குவதை எதிர்த்தார். அது அவருடைய உரிமை, நேர்மையான நிலைப்பாடும்கூட. ஆனால் அவருடைய கவிதைகளில் ஹிட்லரும் ரூஸ்வெல்ட்டும் ஒரே துன்பியல் நாடகத்தின் பாத்திரங்களாக அருகருகே நிற்கிறார்கள். 1939 செப்டம்பரில் எழுதிய கவிதையில் ஹிட்லரை நோயுற்ற குழந்தையின் ஆன்மா கொண்ட மேதை என்கிறார். நட்சத்திர உயரத்திலிருந்து பார்த்தால் எல்லாப் பேரரசுகளும் ஒன்றுபோலத்தான் தெரியும். கீழே ஒருவன் கொல்கிறான், ஒருவன் சாகிறான் என்ற வேறுபாடு அந்த உயரத்தில் மங்கிப்போகிறது. பருந்தின் வலியை ஆறு வாரம் உடனிருந்து பார்த்தவர் இந்த வலியை அவ்வளவு கிட்டத்தில் வைத்துப் பார்க்கவில்லை. சமகால வரலாற்றைப் பிடித்துக்கொண்டு தொங்குவது தன் கவிதைகளை நாட்காட்டியில் குத்திவைத்துவிடுகிறது என்று 1941 தொகுப்பில் அவரே வருந்தியிருக்கிறார். ஆனாலும் 1948-ல் இன்னும் கடுமையாக எழுதினார். போரில் இறந்த மகன் அழுகும் உடலோடு எழுந்து வந்து, தன்னைப் போருக்கு அனுப்பிய தகப்பனைக் கேள்வி கேட்கும் கவிதை அதில் இருக்கிறது. வெற்றிக் களிப்பில் இருந்த நாடு அதைப் பொறுக்கவில்லை.

நாஜிகள் ஆண்ட வார்சாவில் வாழ்ந்து, பிறகு பெர்க்லியில் குடியேறிய போலந்துக் கவிஞர் செஸ்வாஃப் மிவோஷ் இவருக்குப் பதிலாக ஒரு கவிதையே எழுதினார். ஜெஃபர்ஸின் பெருமையை அவர் முழுக்க உணர்ந்திருந்தார். ஆனால் சிலுவைகளில் சூரியனையும் நிலவையும் செதுக்கிய தன் ஊர்ப்பக்கத்து மக்களின் பக்கமே தான் நிற்பதாகச் சொன்னார். ஜெஃபர்ஸுக்கு வந்த மறுப்புகளில் இதுவே நியாயமானது என்று நினைக்கிறேன். பேரழிவை அருகில் கண்டவர் சொன்ன மறுப்பு, அதுவும் அன்போடு.

1947-ல் பிராட்வேயில் அவருடைய ‘மெடியா’ நாடகம் ஜூடித் ஆண்டர்சன் நடிப்பில் பெரிய வெற்றி பெற்றது. கடைசியாக வந்த பெரிய புகழ் அது. 1950 செப்டம்பர் 1 அன்று யூனா இறந்தார். அதன்பின் எழுதியதில் ‘ஹங்கர்ஃபீல்ட்’ கவிதையின் தொடக்கமும் முடிவும் யூனாவிடம் நேராகப் பேசுகின்றன; கல்லையும் பருந்தையும் பாடியவர் மனிதர் ஒருவருக்காக எவ்வளவு அழ முடியும் என்று அதில் பார்க்கலாம். வீடு கட்டியபோதே கீழ்த்தளத்தில் கடலைப் பார்த்த சன்னலோரக் கட்டிலைச் சாவதற்கு ஏற்ற இடம் என்று தேர்ந்துவைத்து, அதைப் பற்றி ஒரு கவிதையும் எழுதியிருந்தார். 1962 ஜனவரி 20 அன்று அந்தக் கட்டிலில்தான் இறந்தார்.

விமர்சகர்கள் மறந்தபின் அவரைத் தேடி எடுத்தவர்கள் இயற்கைப் பாதுகாப்பு இயக்கத்தினர். சியரா கிளப்பின் டேவிட் பிரவர் 1965-ல் பிக் சர் கடற்கரைப் படங்களோடு அவர் வரிகளைச் சேர்த்து வெளியிட்ட புத்தகத்தின் தலைப்பே ஜெஃபர்ஸின் ஒரு கவிதையிலிருந்து வந்தது. முழுமையை நேசி, அதிலிருந்து பிரித்தெடுத்த மனிதனை அல்ல என்பது அந்த வரி. மனம் தன்னை மையத்திலிருந்து கொஞ்சம் நகர்த்திக்கொள்ள வேண்டும் என்று 1950-களில் அவர் எழுதியபோது, கார்மல் மேட்டில் புறநகர் வீடுகள் முளைத்துவிட்டிருந்தன. டோர் ஹவுஸும் கோபுரமும் இன்று அந்த வீடுகளுக்கு நடுவே, 1978-லிருந்து ஓர் அறக்கட்டளையின் பராமரிப்பில் இருக்கின்றன. பார்வையாளர்கள் போய்ப் பார்க்கலாம்.

புதிதாகப் படிக்க நினைப்பவர்கள் நீண்ட கதைக்கவிதைகளில் தொடங்க வேண்டாம். பருந்து, சுருக்குமடி, ‘என் நம்பிக்கை’, கல்தச்சர்களுக்கு எழுதிய பத்து வரிக் கவிதை, இந்த நான்கையும் வாய்விட்டுப் படித்துவிட்டு ‘ஹங்கர்ஃபீல்ட்’ போகலாம். ‘ரோன் குதிரை’ அதற்கப்புறம். எல்லாம் வேண்டும் என்பவர்களுக்கு டிம் ஹன்ட் பதிப்பித்து ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகப் பதிப்பகம் 1988-லிருந்து 2001 வரை ஐந்து தொகுதிகளாக வெளியிட்ட முழுத்தொகுப்பு இருக்கிறது. 1948-ல் நீக்கிய கவிதைகளையும் அதில் படிக்கலாம்.